படிகாரம் எவ்வளவு போடுவது? ஃபஸ்ஸி மாடல் உண்மையிலேயே தேவையா?

ஜூன் 4, ஒரு வாசகரின் கேள்வி

குடிநீர்ச் சுத்திகரிப்பில் ஆலம் (படிகாரம்) அளவைக் கணிக்க ஃபஸ்ஸி லாஜிக் ("கொஞ்சம்", "ரொம்ப" போன்ற சொற்களை வைத்தே கணக்குப் போடும் முறை) வைத்து மாடல் செய்யச் சொல்கிறார்கள். எதற்கு என்றுதான் புரியவில்லை. கலங்கல் எவ்வளவு என்று ஒரு மீட்டர் சொல்கிறது, பிஎச் எவ்வளவு என்று இன்னொரு மீட்டர் சொல்கிறது. இரண்டுமே எண்கள். எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் தர ரெக்ரஷன் சமன்பாடு இருக்கிறது. நடுவில் "கொஞ்சம் கலங்கல்", "ரொம்பக் கலங்கல்" என்று சொற்களை நுழைப்பதால் என்ன லாபம்? தெளிவாக இருப்பதை எதற்கு மங்கலாக்க வேண்டும்?

ஜூன் 4, இரவு

மீட்டர் சொல்வது தெளிவுதான். அது சொல்லாமல் விடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

கலங்கல் மீட்டர் அளப்பது சிதறும் ஒளியை. படிகாரம் போய் மோதுவதோ துகள்களின் மின்னூட்டத்தோடு. ஆற்று நீரிலுள்ள களிமண் துகள்கள் எல்லாமே எதிர் மின்னூட்டம் உடையவை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். படிகாரத்திலிருந்து வரும் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். இது ஒரு வழி. இன்னும் கூடுதலாகப் போட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போலப் படிந்து, வழியில் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு கீழே இறங்கும். இது இரண்டாவது வழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மோசமான பகுதி உண்டு: அங்கே மருந்து அதிகமாகி, துகள்கள் எதிரிலிருந்து நேர் மின்னூட்டத்துக்கு மாறி மறுபடியும் தள்ளிக்கொள்ளும். அதாவது மருந்தைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் தெளிந்து, பிறகு கலங்கி, பிறகு மறுபடி தெளியலாம். எந்த நேரத்தில் எந்த வழி நடக்கிறது என்பதை பிஎச், காரத்தன்மை (பிஎச் இறங்காமல் தாங்கும் திறன்), வெப்பநிலை, கரைந்த கரிமப் பொருள் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

20 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) காட்டும் இரண்டு தண்ணீருக்கு இரண்டு அளவு மருந்து தேவைப்படும். அதை மீட்டர் சொல்லாது.

ஜூன் 5

நேற்று வேதியியலோடு நிறுத்திவிட்டேன், கேள்வி சொற்களைப் பற்றியது. அதற்கு என் அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இரவு ஷிப்டில் ஒரு அண்ணன் இருந்தார், சீனியர் ஆபரேட்டர். அவர் ஜார் டெஸ்ட் செய்வதை மணிக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆறு பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்று நீர், லிட்டருக்கு 10, 15, 20, 25, 30, 35 மில்லிகிராம் என்று படிகாரக் கரைசல். ஒரு நிமிடம் 100 சுற்று வேகத்தில் கலக்கல், பிறகு 30 சுற்றுக்கு இறக்கி 20 நிமிடம் மெதுவாக. அப்புறம் துடுப்பை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் படிய விடுவது. புத்தகத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் அவர் அரை மணி நேரம் காத்திருந்து மீட்டரில் பார்ப்பதற்கு முன்னாலேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். பீக்கர்களுக்குப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்து, எந்த ஜாரில் முதலில் புள்ளி தெரிகிறது என்று பார்ப்பார். தூசி மாதிரி இருந்தால் போதாது. ஊசித்தலை அளவுக்கு வந்து, இரண்டு ஃப்ளாக்குக்கு (துகள்கள் ஒட்டிச் சேர்ந்த திரளுக்கு) நடுவிலிருக்கும் தண்ணீர் கண்ணாடி போலத் தெரிய வேண்டும். "நடுத் தண்ணியைப் பாரு" என்பார். ஃப்ளாக் பெரிதாக இருந்தும் நடுத் தண்ணீர் பால் போல இருந்தால் அந்த ஜாரை ஒதுக்கிவிடுவார்.

எனக்கு அவர் சொல்லித்தந்த விதி இது: "தண்ணி லேசா கலங்கி, பிஎச்சும் ஏறியிருந்தா நேத்து போட்டதைவிட ரெண்டு மூணு கூட்டிப் போடு. மஞ்சளா வந்தா மட்டும் கலங்கலைப் பார்க்காதே, ஜார் டெஸ்ட் போடு."

இதில் எத்தனை எண் இருக்கிறது? "ரெண்டு மூணு" மட்டும்தான். ஆனாலும் இது தெளிவான விதி. ஒரு சமன்பாட்டுக்குள் இதை நுழைக்க முயன்றால் பாதி கீழே சிந்திவிடும். ஃபஸ்ஸி லாஜிக் வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான். அது தெளிவான எண்ணை மங்கலாக்குவதில்லை. ஏற்கெனவே சொல்லாக இருக்கும் அறிவை, சொல்லாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட வழி செய்கிறது.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

வரலாறு தெரிந்தால் இது இன்னும் புரியும். லொட்ஃபி ஜாதே 1965-இல் ஃபஸ்ஸி கணங்கள் பற்றி எழுதியபோது அது வெறும் கணிதம். பத்து வருடம் கழித்து, 1975-இல், லண்டனில் மம்தானியும் அசிலியனும் ஆய்வகத்திலிருந்த ஒரு சின்ன நீராவி எஞ்சினை "அழுத்தம் இப்படி இருந்தால் சூட்டை அப்படி மாற்று" என்ற மாதிரியான விதிகளாலேயே ஓட்டிக்காட்டினார்கள். அதன் பிறகு டென்மார்க்கில் சிமென்ட் சூளைக்குப் போனது. சூளையும் நம் கிளாரிஃபையரும் (ஃப்ளாக் படியும் தொட்டி) ஒரே சாதி: உள்ளே நடப்பதற்குச் சரியான சமன்பாடு கிடையாது, ஆனால் பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிக்கு அது அத்துப்படி. 1980-களின் நடுவிலேயே ஜப்பானில் சுகேனோவும் சக ஆய்வாளர்களும் குடிநீர்ச் சுத்திகரிப்பில் மருந்தளவுக்கு ஃபஸ்ஸி விதிகளைக் கையாண்டு எழுதிவிட்டார்கள். ஆக, இது நேற்று வந்த மோகம் இல்லை.

ஜூன் 8

"விதி, விதி என்கிறீர்கள், ஒரு கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, யாரும் அப்படியே பம்பில் போட வேண்டாம்.

கலங்கலுக்கு மூன்று சொல்: குறைவு, நடுத்தரம், அதிகம். அவற்றின் உச்சம் 5, 30, 180 என்டியு. ஒன்றின் உச்சத்தில் மற்றவை பூஜ்யம், நடுவில் நேர்கோடாக ஏறி இறங்கும். காரத்தன்மைக்கு இரண்டு சொல்: லிட்டருக்கு 30 மில்லிகிராமில் "குறைவு", 90-இல் "போதுமானது".

இப்போது தண்ணீர் 60 என்டியு, காரத்தன்மை 45. 60 என்பது 30-க்கும் 180-க்கும் நடுவில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது, அதனால் "நடுத்தரம்" 0.8, "அதிகம்" 0.2. காரத்தன்மை 45 என்பதால் "குறைவு" 0.75, "போதுமானது" 0.25. நான்கு விதிகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. நடுத்தரக் கலங்கலும் குறைந்த காரமும் என்றால் 22 மில்லிகிராம், நடுத்தரமும் போதுமான காரமும் என்றால் 30, அதிகமும் குறைவும் 34, அதிகமும் போதுமானதும் 45. (காரம் அதிகம் இருந்தால் மருந்தும் ஏன் அதிகம் என்றால், பிஎச் லேசில் இறங்காது. படிகாரம் நன்றாக வேலை செய்யும் 6-க்கும் 7-க்கும் இடையே தண்ணீரைக் கொண்டுவரவே கொஞ்சம் மருந்து செலவாகும்.)

ஒவ்வொரு விதியிலும் இரண்டு சொல்லின் பொருத்தத்தையும் பெருக்கினால் எடைகள் 0.6, 0.2, 0.15, 0.05. அவற்றை மருந்தளவோடு பெருக்கிக் கூட்டினால் 13.2 + 6 + 5.1 + 2.25, ஆக 26.55 மில்லிகிராம். முடிந்தது. இது தகாகியும் சுகேனோவும் 1985-இல் கொடுத்த முறையின் மிக எளிய வடிவம். இதில் மாயம் எதுவும் இல்லை, நான்கு அனுபவசாலிகளிடம் கேட்டு, அவரவர் சொல்லுக்கு இன்றைய தண்ணீர் எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு எடை கொடுத்துச் சராசரி எடுப்பது போலத்தான்.

ஜூன் 8, பின்குறிப்பு

0.2 "அதிகம்" என்றால் 20 சதவீத வாய்ப்பு என்று பொருள் இல்லை. தண்ணீர் 60 என்டியுதான், அதில் சந்தேகம் எதுவும் கிடையாது. "அதிகம்" என்ற சொல் அதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைத்தான் 0.2 சொல்கிறது. நிகழ்தகவோடு இதைக் குழப்பிக்கொண்டவர்களிடம் நிறைய வாதாடியிருக்கிறேன், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 11

மூன்று நாள் முன்பு போட்ட கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. கூட்டல் பெருக்கல் சரி, அளவுகோல் தவறு.

கலங்கலை நேர்கோட்டு அளவில் பிரித்தேன். யோசித்துப் பாருங்கள்: 5 என்டியு 10 ஆனால் ஆபரேட்டர் எழுந்து உட்காருவார். 205 என்டியு 210 ஆனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இரண்டுமே 5 என்டியு மாற்றம்தான். நம் மனதில் "அதிகம்" என்ற சொல் மடங்குகளில் வளர்கிறது. 5, 30, 180 என்று ஆறு ஆறு மடங்காக உச்சங்களை வைத்த நானே, நடுவில் நேர்கோட்டை இழுத்திருக்கிறேன். லாக் அளவில் பார்த்தால் 60 என்பது 30-இலிருந்து 0.39 தூரத்தில் வருகிறது. "நடுத்தரம்" 0.61, "அதிகம்" 0.39. அதே நான்கு விதி, அதே காரத்தன்மை, விடை மட்டும் 29. ஒரே தண்ணீருக்கு இரண்டரை மில்லிகிராம் வித்தியாசம், அதுவும் விதி ஒன்றைக்கூட மாற்றாமல்.

கணிப்பு சரியில்லை என்றதும் எல்லாரும் விதிகளைத்தான் குடைவார்கள். முதலில் அளவுகோலைப் பாருங்கள்.

ஜூன் 12

கலங்கல் 180-ஐத் தொட்டு, காரத்தன்மை 15 மட்டுமே இருக்கும்போது இதே முறை 34 மில்லிகிராம் போடச் சொல்லுமே, அப்போது என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மிகச் சரியான கேள்வி, இதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

1 மில்லிகிராம் படிகாரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும் (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால்). 34 போட்டால் 17 வேண்டும், இருப்பதே 15. காரம் தீர்ந்த கணமே பிஎச் சரிந்து 5-க்கும் கீழே போகும், ஃப்ளாக் உருவாகாது, அலுமினியம் கரைந்தபடியே வடிகட்டியைத் தாண்டிக் குழாய்க்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரிய நிலையங்களுக்கு லிட்டருக்கு 0.1, சிறியவற்றுக்கு 0.2 மில்லிகிராம் அலுமினியத்துக்குள் வைக்க முடியும், வைக்க வேண்டும் என்கிறது. இந்த நிலையில் அதெல்லாம் எட்டாது. முன்பு போட்ட கணக்கில் 29 மில்லிகிராமுக்குப் பதினாலரை போகும், 45-இல் 30 மிஞ்சும், அதனால் அங்கே ஆபத்து தெரியவில்லை.

எனவே ஃபஸ்ஸி விடை வந்த பிறகு ஒரு கறாரான சோதனை வேண்டும்: மருந்தில் பாதியைக் காரத்தன்மையிலிருந்து கழி, மிச்சம் இவ்வளவுக்குக் கீழே போனால் சுண்ணாம்பு சேர் அல்லது எச்சரிக்கை கொடு. இதை "காரம் மிகக் குறைவு என்றால்..." என்று இன்னொரு மங்கலான விதியாக எழுதிச் சமாளிக்கக் கூடாது. எழுதிப் பார்த்தவர்களைத் தெரியும். அந்த விதி 0.3 எடையோடு விழிக்கும், மற்ற மூன்று விதிகள் சேர்ந்து அதை அமுக்கிவிடும். நிச்சயமாகத் தெரிந்த வேதியியலைக் கறாராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15

யாரோ வெறும் "நியூரல் நெட்வொர்க்?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். வருகிறேன், அதற்கு முன் தரவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஜூன் 19

தரவு. இதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒரு நிலையத்தின் பழைய பதிவேடுகளை எடுத்து, மணிக்கொரு வரி வீதம், உள்ளே வந்த நீரின் தரமும் அன்று போட்ட மருந்தளவும் என்று அட்டவணை செய்து, அதை வைத்து மாடலைப் பழக்கினோம். முடிவு அழகாக வந்தது. சும்மா பார்ப்போமே என்று நேரத்தையும் ஓர் உள்ளீடாகச் சேர்த்தேன். பிழை இன்னும் கணிசமாகக் குறைந்தது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஆற்றுக்கு மணி எப்படித் தெரியும்?

பதிவேட்டை மறுபடி புரட்டினேன். ஒரே கலங்கல், ஒரே பிஎச், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் மருந்து எப்போதும் சற்றுக் கூடுதல். காரணம் ஆற்றில் இல்லை. இரவில் ஒரே ஆள், பம்பையும் குளோரினையும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஜார் டெஸ்டில் நிற்க அவரால் முடியாது, அதனால் பாதுகாப்புக்குக் கொஞ்சம் ஏற்றிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார். அவர் செய்தது சரி. அந்த நிலைமையில் நானும் அதையே செய்வேன். ஆனால் நம் மாடல் கற்றுக்கொண்டது தண்ணீருக்கு என்ன தேவை என்பதை அல்ல, இந்த நிலையத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை. "ஆபரேட்டரோடு 95 சதவீதம் ஒத்துப்போகிறது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் எத்தனை பங்கு வழக்கம், எத்தனை பங்கு வேதியியல் என்று கேளுங்கள்.

தீர்வு ஜார் டெஸ்ட் பதிவுகள். அதிலும் ஒரு சோகம் உண்டு. பெரும்பாலான குறிப்பேட்டில் "உகந்த அளவு 25" என்று ஒரே வரிதான் இருக்கும். மற்ற ஐந்து ஜாரில் என்ன மிஞ்சியது என்று எழுதியிருக்க மாட்டார்கள், கழுவி ஊற்றியிருப்பார்கள். மருந்தைக் கூட்டும்போது கலங்கல் எங்கே இறங்குகிறது, எங்கே மறுபடி ஏறுகிறது என்ற வளைவு அந்தத் தோற்ற ஜார்களில்தான் இருக்கிறது. ஆறு ஜாரையும் எழுதுங்கள், ஆறிலும் படிந்த பின் பிஎச் எடுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும். ஒரு வருடக் குறிப்பேடு அப்படி இருந்தால் எந்த மாடலும் நன்றாக வரும்.

ஜூன் 20

நேற்றைய குறிப்புக்கு ஒரு தொடர்ச்சி. அந்த "அழகான முடிவு" இன்னொரு வகையிலும் பொய்.

தரவைச் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்து, ஒரு பங்கில் பழக்கி மறு பங்கில் சோதித்தோம். மணிக்கு ஒரு வரி என்றால் 3 மணி வரி பழக்கத்தில் இருக்கும், 4 மணி வரி சோதனையில் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தண்ணீர். இது தேர்வுத்தாளை முன்கூட்டியே காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது மாதிரி. அப்புறம் ஒரு முழு வெள்ளப் பருவத்தை அப்படியே ஒதுக்கிவைத்து, அதை மட்டும் சோதனைக்கு எடுத்தபோது பிழை இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்த எண்தான் உண்மை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சராசரி வர்க்கப் பிழை, மருந்து கூடினாலும் குறைந்தாலும் ஒரே தண்டனை கொடுக்கும். தண்ணீர் குடிப்பவருக்கு இரண்டும் ஒன்றில்லை. கூடினால் செலவு, சகதி, கொஞ்சம் அலுமினியம். குறைந்தால் துகள்கள் வடிகட்டியைத் தாண்டும், அவற்றோடு கிருமிகளும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து நான்கு லட்சம் பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அதற்குக் குளோரினும் பயன்படாது, திரட்டலும் வடிகட்டலும்தான் முக்கியக் காவல். வடிகட்டி வெளியேறிய நீரின் கலங்கல் அங்கே 1.7 என்டியு வரை போயிருந்தது. கேட்க ஒன்றுமில்லாத எண் போலத் தோன்றும். இதை நினைத்துக்கொண்டுதான் பிழைக் கணக்கில் குறைவுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

ஜூன் 27

மம்தானி முறையா, சுகேனோ முறையா என்ற கேள்விக்கு. விளக்க எளிது என்று முதலில் மம்தானி முறையில்தான் செய்தேன், அதில் விடையும் "மிக அதிகம்" போன்ற ஒரு சொல்லாகவே வரும், பிறகு அந்த வடிவத்தின் ஈர்ப்பு மையத்தை எடுத்து எண்ணாக்குவோம்.

ஒரு வெள்ள இரவில் அது மாட்டிக்கொண்டது. மருந்தின் எல்லை 60. "மிக அதிகம்" என்பது 45-இல் தொடங்கி 60-இல் உச்சம் தொடும் பாதி முக்கோணம். கலங்கல் ஏறிக்கொண்டே போகிறது, ஜார் டெஸ்ட் 60 கேட்கிறது, மாடல் 55-ஐத் தாண்ட மறுக்கிறது. நாங்கள் விதிகளில் தேடினோம், மீட்டரில் தேடினோம், கடைசியில் விடை வடிவியலில் இருந்தது: அந்த முக்கோணத்தின் ஈர்ப்பு மையமே 55தான். விதி முழு எடையோடு விழித்தாலும் அதற்கு மேல் போகவே முடியாது, பாதி எடையில் விழித்தால் இன்னும் கீழே. தண்ணீர் மிக மோசமாக இருக்கும்போதுதான் மாடல் கஞ்சத்தனம் செய்யும். எல்லைக்கு அப்பாலும் முக்கோணத்தை நீட்டி வரையலாம், அல்லது சுகேனோ முறையில் விதிக்கு நேரடியாக 60 என்றே எழுதலாம். நான் அதன் பிறகு சுகேனோவுக்கு மாறிவிட்டேன்.

ஜூலை 2

நியூரல் நெட்வொர்க் பற்றி, அதாவது தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி வலை. ஜாங் 1993-இல் கொடுத்த ஏஎன்எஃப்ஐஎஸ் முறை ஃபஸ்ஸி விதிகளையே நியூரல் வலையைப் போலத் தரவிலிருந்து பழக்கும். கணிப்பு நன்றாக வரும், மறுக்கவில்லை.

ஆனால் பழக்கி முடித்த பிறகு உள்ளே திறந்து பாருங்கள். "நடுத்தரம்" நகர்ந்து நகர்ந்து "குறைவு" மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒரு விதியின் மருந்தளவு மைனஸில் இருக்கும், இன்னொரு விதி அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். மொத்த விடை சரியாக வருவதால் யாருக்கும் தெரியாது. அதை ஆபரேட்டரிடம் காட்டினால் ஒரு வரியைக்கூட அவரால் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியாது. படிக்க முடியாத விதிகளுக்காக ஃபஸ்ஸி எதற்கு? அப்படியானால் நேரடியாக நியூரல் வலையையே எடுத்துக்கொள்ளலாம். நான் இப்போது உச்சங்களின் வரிசை மாறக் கூடாது, மருந்தளவு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று கட்டிப்போட்டுத்தான் பழக்குகிறேன். கணிப்பு சற்றே மோசமாகும். பரவாயில்லை.

விதிகளின் எண்ணிக்கையும் ஒரு தலைவலி. ஐந்து உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல் என்றால் 243 விதி. எந்த மனிதனும் 243 விதி வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. அந்த அண்ணனிடம் எண்ணிப் பார்த்தால் பதினைந்து இருந்திருக்கும். அவர் செய்த தந்திரம் முதலில் தண்ணீரை வகை பிரிப்பது: மண் தண்ணீரா, மஞ்சள் தண்ணீரா. அதற்குப் பிறகுதான் அளவு. மஞ்சள் என்பது இலைதழை அழுகி வந்த கரைந்த கரிமம். எடைக்கு எடை பார்த்தால் களிமண்ணைவிட அதற்குப் பல மடங்கு எதிர் மின்னூட்டம் உண்டு, 4 என்டியு மட்டுமே காட்டும் மஞ்சள் நீர் 40 என்டியு மண் நீரைவிட அதிக மருந்து கேட்கும். ஆய்வகத்தில் 254 நானோமீட்டர் புற ஊதா உறிஞ்சலைக் கரிம அளவால் வகுத்துப் பார்க்கிறோம், 4-க்கு மேல் போனால் மருந்தளவை முடிவு செய்வது கரிமம்தான், 2-க்குக் கீழே என்றால் அதற்குப் பெரிய பங்கில்லை. அவர் கண்ணால் பார்த்துச் செய்ததும் இதேதான். இரண்டு அடுக்காகப் பிரித்ததும் என் விதிகளின் எண்ணிக்கை இருபதுக்குள் வந்துவிட்டது.

ஜூலை 3

குளிர்ந்த நீர் பற்றிக் கேட்டவருக்கு: 20 டிகிரியோடு ஒப்பிட்டால் 5 டிகிரியில் நீரின் பாகுநிலை ஒன்றரை மடங்கு. ஃப்ளாக் மெதுவாகப் படியும், மருந்து கலப்பதும் சிரமம். படிகாரத்துக்கு ஏற்ற பிஎச்சும் சற்று மேலே நகரும். வெப்பநிலைக்குத் தனி விதிகள் எழுதுவதைவிட, பிஎச் சொற்களின் உச்சங்களை வெப்பநிலையோடு நகர்த்துவது எனக்கு எளிதாக இருந்தது.

அப்புறம் தாமதம். இன்று போட்ட மருந்தின் பலன் கிளாரிஃபையரிலிருந்து வெளியே தெரிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். வெளியே வரும் கலங்கலைப் பார்த்து மருந்தை மாற்றும் விதிகளை எழுதினால், பழைய தவறுக்கு இப்போது தண்டனை கொடுப்பது போல மேலும் கீழும் ஊசலாடும். மருந்தளவு உள்ளே வரும் நீரைப் பார்த்துத்தான் போக வேண்டும், வெளியே தெரிவதை வைத்து மெல்லத் திருத்த மட்டும் செய்யலாம். ஸ்ட்ரீமிங் கரன்ட் மீட்டர் இருந்தால் மின்னூட்டம் சமன் ஆனதா என்று சில நிமிடங்களிலேயே தெரியும். அது இருப்பவர்கள் அதை விதியில் சேருங்கள், ஆனால் பிஎச் மாறினால் அதன் அளவும் நகரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜூலை 10

முதல் கேள்விக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் ஜூன் 4 அன்று நான் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். ரெக்ரஷன் போதுமா? வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். கலங்கலின் லாக், காரத்தன்மை, புற ஊதா உறிஞ்சல் மூன்றையும் வைத்த ஒரு சாதாரணச் சமன்பாடு சாதாரண நாட்களில் என் ஃபஸ்ஸி மாடலுக்குச் சமமாகவே நின்றது, இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வித்தியாசம் இரண்டு முனைகளில்தான் வந்தது. ஒன்று வெள்ளம். இன்னொன்று மிகத் தெளிந்த நீர்: 2 என்டியு நீரில் மோதுவதற்குத் துகள்களே குறைவு, மின்னூட்டத்தைச் சமன் செய்துவிட்டால் மட்டும் வேலை ஆகாது, வாரிக்கொண்டு போகும் வழிக்குப் போக வேண்டும், அதனால் 10 என்டியு நீரைவிட அதிக மருந்து தேவைப்படலாம். "கலங்கல் கூடினால் மருந்து கூடும்" என்று நம்பும் நேர்கோடு அங்கே எதிர்த் திசையில் போகும். ஒரு விதியை மாற்றினால் ஃபஸ்ஸி திருந்திவிடும், மற்ற விதிகளுக்கு அதனால் எதுவும் ஆகாது.

அந்த மாற்றத்தைச் செய்தது நான் இல்லை. இருபது விதிகளையும் ஒரே தாளில் அச்சடித்து, இப்போது பகல் ஷிப்டிலிருக்கும் அதே அண்ணனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பதினேழாவது வரியில் பேனாவை வைத்து, "இது தப்புப்பா, தண்ணி பளிச்சுன்னு இருக்கும்போதுதான் படியவே படியாது" என்று அடித்துவிட்டு, பக்கத்தில் 18 என்று எழுதினார். அன்று மாலையே தெளிந்த நீரில் ஆறு ஜார் வைத்துப் பார்த்தோம். 12-இல் தூசி மாதிரிதான் வந்தது, 15-இல் தாமதமாகப் புள்ளி தெரிந்தது. 18-இல் ஊசித்தலை, நடுத் தண்ணீர் கண்ணாடி. ஆறு ஜாரின் எண்ணையும் குறிப்பேட்டில் அவரே எழுதினார்.